கல்லைப் பிடிக்கும், வார்தான் நிற்காது: இழுத்துச் செல்லும் காருக்கான வலைத் திரை

மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வீட்டு வண்டி) பின்னால் இழுத்துச் செல்லும் காரின் முகப்பைக் காக்க, இரண்டுக்கும் நடுவே கட்டும் வலைத் திரையின் விலை இறங்கியிருக்கிறதே, வாங்கலாமா என்று கேட்கிறார்கள். மோட்டார்ஹோமின் பின்சக்கரம் எறியும் கல்லைப் பிடிப்பதில் இந்தத் திரையைக் குறை சொல்ல வழியில்லை. இரண்டு வண்டியையும் இணைக்கும் டோ பாருக்கு மேலே நிற்கும் கெட்டிப் பிளாஸ்டிக் தடுப்பில் பட்ட கல் திரும்பித் தெறித்து, மோட்டார்ஹோமின் டெயில் லைட்டையும் பின்கண்ணாடியையும் பதம்பார்க்கும். வலையில் பட்ட கல் வேகம் செத்துக் கீழே விழுந்துவிடும். கனடாவின் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை போல 700 கிலோமீட்டருக்கு மேல் பெரும்பாலும் சரளையாகவே ஓடும் பாதையில் இது சின்ன விஷயமில்லை.

எரிச்சல் எல்லாம் திரையை இழுத்துக் கட்டும் வாரில். நைலான் வார் மழையில் நனைந்தால் நீளும். பக்கிளின் பல்லில் தூசி ஏறினால் பிடி நழுவும். திரை தொய்ந்ததும் நடுப்பகுதி டோ பார் கைகளில் உரசி நைகிறது. ஓரம் பம்பர் மூலையைத் தொட்டு ஆடுகிறது. இடையில் தூசி இருந்தால் அது உப்புத்தாள் வேலையைச் செய்யும். பெயின்டைக் காக்க வாங்கிய பொருளே பெயின்டைத் தேய்ப்பதை என்னவென்று சொல்வது!

கட்டுமுன் காரின் முகப்பைக் கழுவி உலர்த்துங்கள். பம்பர் மூலைகளில் ஒளிபுகும் பாதுகாப்புப் படலம் ஒட்டுங்கள். வாரை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டினால் காற்றில் அதிராது. மிச்ச நுனியை மடித்துக் கட்டுங்கள். காலி மைதானத்தில் இரு பக்கமும் முழுதாக மோட்டார்ஹோமின் ஸ்டியரிங்கை ஒடித்து மெல்ல நகர்த்தி, எங்கே இழுபடுகிறது என்று ஒருவரை வெளியே நின்று பார்க்கச் சொல்லுங்கள். புறப்பட்டு 20, 30 கிலோமீட்டரில் நிறுத்தி இறுக்குங்கள். பிறகு டீசல் போடும் ஒவ்வொரு இடத்திலும், மழை பெய்தால் உடனேயும்.

மோட்டார்ஹோம் பின்பக்க எஞ்சின் டீசல் வண்டி என்றால் எஞ்சினின் உள்வாயுவை வெளியே விடும் கிராங்க்கேஸ் மூச்சுக்குழாய் கக்கும் எண்ணெய்த் திவலை வலையில் படிந்து தூசியைப் பிடித்துக்கொள்ளும். பாத்திரம் கழுவும் சோப்பு போதும், ஆனால் அடிக்கடி வேண்டும். திரைக்குப் பதில் மோட்டார்ஹோமின் பின்னால் அகல ரப்பர் மட்ஃபிளாப் மாட்டுவோர், பின்பக்க ரேடியேட்டர் இருந்தால் காற்றோட்டம் தடைபடாத உயரத்தில் மாட்டுங்கள். சைலன்சர் வாய்க்கு நேரே ரப்பர் வரக் கூடாது.

வேலை செய்யும் பொருள்தான். ஆனாலும் இப்போதைய மனநிலையில் பாதி விலைக்குக் கொடுத்தாலும் இன்னொன்று வாங்க மாட்டேன். ஹெட்லைட்டுக்கும் போனட் முனைக்கும் படலம் ஒட்டிவிட்டு, சரளை வந்ததும் காரைக் கழற்றி இன்னொருவர் தனியே ஓட்டி வருவது மேல். இரண்டு டிரைவர் இல்லாதவர்கள் வாரை இறுக்கிக்கொண்டே போகட்டும்.