பழைய பாய்மரம் வாங்குவோர் கவனத்துக்கு: பெயின்டுக்குள் ஒரு ஒட்டு

திருகோணமலையில் 25 அடிப் பழைய பாய்ப்படகு ஒன்றுக்கு, "வெளிநாட்டுப் படகில் கழற்றினது, ஒரே நீளம்" என்று சொல்லி ஓர் அலுமினியப் பாய்மரத்தை விற்றிருக்கிறார்கள். பாதி முற்பணம், மீதி லொறியில் இறக்கியவுடன். புதுப் பெயின்ட் பளபளவென்று இருந்தது. அலுமினிய மரம் பெரும்பாலும் பெயின்ட் இல்லாமல், அனோடைஸ் (மின்சாரத்தால் மேலே காப்புப் படலம் ஏற்றுவது) செய்தே வரும். பழைய மரத்தில் புதுப் பெயின்ட் என்றால் கொஞ்சம் சுரண்டிப் பார்க்கத்தான் வேண்டும்.

இங்கே சுரண்டியது காசு கொடுத்த பிறகு. ஸ்பிரெடருக்கு (பக்கக் கம்பிகளை அகட்டிப் பிடிக்கும் குறுக்குக் கை) ஒரு சாண் கீழே சாண்ட் பேப்பர் போட்டதும் புட்டி பெயர்ந்தது, அதற்கடியில் சுற்றிவர வெல்டிங். இரண்டு துண்டையும் முட்டவைத்து ஒட்டியிருக்கிறார்கள், உள்ளே சிலீவ் (இரண்டு துண்டுக்குள்ளும் போகும் உள்குழாய்) கிடையாது. ஒட்டு இருப்பது குற்றமில்லை. மரத்தின் அகலத்தைப் போல் இரண்டு மூன்று மடங்கு நீளத்துக்கு இரு பக்கமும் இறுக்கமான சிலீவ் போய், ரிவெட்டும் அடித்திருந்தால் தாங்கும். வெறும் வெல்டிங் தாங்காது. பாய்மரத்துக்குப் பயன்படும் 6061 டி6 என்ற அலுமினியக் கலவைக்குப் பலம் சூட்டுப்பதத்தில் (சூடாக்கிக் குளிரவைத்துப் பதப்படுத்துவதில்) வருவது. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் பதம் போய், பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதுவும் ஸ்பிரெடர் தள்ளுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே!

வாங்கப் போகுமுன் உங்கள் படகின் உடைந்த பழைய மரத்தில் ஓர் அடி நீளத் துண்டு அறுத்துக் கையோடு கொண்டுபோங்கள். குறுக்குவெட்டின் நீளம், அகலம், சுவர்த்தடிப்பு மூன்றையும் வேர்னியர் அளவுகோலால் ஒப்பிடலாம். பாயை மரத்தோடு பிடிக்கும் ஸ்லைடு மரத்தின் காடியில் ஓடுகிறதா என்றும் அங்கேயே தெரியும். துண்டின் எடையை, அடிக்கணக்கில் மரத்தின் நீளத்தால் பெருக்கிப் பாருங்கள். மரம் அதைவிடக் கனமாக இருந்தால், கூடுதல் எடை உயரத்தில் ஏறிப் படகை அதிகம் சரிக்கும்.

நீளத்தை அடியிலிருந்து முன்கம்பி (மரத்தைப் படகின் முன்முனையோடு இழுத்துக் கட்டும் கம்பி) மாட்டும் ஓட்டைவரை அளவுங்கள், உச்சிவரை அல்ல. கூடினால் அடியில் வெட்டலாம். குறைந்தால் கம்பிகளையும் பாயையும் மாற்ற வேண்டிவரும்.

அடிப்பக்கத்தால் டோர்ச் அடித்து உள்ளே பாருங்கள். ஸ்டெயின்லெஸ் ஆணியைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தால், உப்புத்தண்ணி பட்டு அலுமினியம் அரிபடுகிறது என்று அர்த்தம். இடையில் நைலோன் தகடு வைக்காத மரங்களில் இதுதான் கதை.

விற்றவர் "கொடுத்த பொருளைத் திருப்பி எடுக்கிறேல்ல" என்று சொல்லிவிட்டார். வெட்டி பூம் (பாயின் கீழ்விளிம்பைப் பிடிக்கும் கிடைக்கழி) ஆக்கலாமென்றால் அதற்கும் வழியில்லை. அடித்துண்டு முழுக்கப் பொரிந்து கிடக்கிறது.