அத்தாவின் கண்புரையும் குழல் ஊசியும்

கருநீல பேன்ட்டின் காலை மடித்துக் கறுப்பு நூலால் தைத்துக் கொடுத்துவிட்டார் என் அத்தா (அப்பா). வாங்கிப் போனவர் திரும்ப வந்து காட்டியபோதும் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. மேலூரில் நாற்பது வருடமாகத் தையல் கடை வைத்திருப்பவர், துணியையும் நூல்கண்டையும் வாசல் வெளிச்சத்தில் ஒட்டிப் பார்த்த பிறகுதான் ஊசியில் கோப்பார். ஏற்கெனவே ஒரு கண்ணாடிக் கடையில் இரண்டு தடவை பவர் மாற்றிக் கொடுத்திருந்தார்கள். புரை இருக்கலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

மதுரை அண்ணா நகர் அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். காலையிலேயே போய்விடுங்கள், சாப்பிட ஏதாவது கையில் இருக்கட்டும். கண்ணின் பாப்பா விரிய சொட்டு மருந்து விடுவார்கள் என்பதால் துணைக்கு ஆள் கட்டாயம் வேண்டும். அங்கே எனக்கு முதலில் பிடித்தது பச்சைப் பிள்ளைகள் போல இருக்கும் சிஸ்டர்கள். பெரும்பாலும் கிராமத்துப் பெண்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை, அதில் தடுமாற்றமே கிடையாது. அடுத்தடுத்த பரிசோதனைக்கு அத்தாவைக் கைபிடித்துக் கூட்டிப் போனார்கள்.

ஆபரேஷன் என்றதும் அத்தா மிரண்டுவிட்டார். "உள்ளேயே தள்ளிவிடுவாங்களா, வெளியே எடுப்பாங்களா?" என்று என்னைக் கேட்டார். அவருடைய பாட்டனாருக்கு ஒரு வைத்தியர் ஊசியால் புரையைக் கண்ணுக்குள்ளேயே தள்ளிவிட்டு, சில மாதத்தில் அந்தக் கண்ணே போய்விட்டதாம். பண்டைய இந்திய மருத்துவர் சுசுருதர் காலத்திலிருந்து உலகின் பல பகுதிகளில் இருந்த முறை அது. மங்கிய லென்ஸ் பார்வையை விட்டு விலகும், ஆனால் கண்ணுக்குள்ளேயே கிடக்கும்.

நான் பள்ளியில் உயிரியல் ஆசிரியர். காத்திருந்த நேரத்தில் அம்மார் இப்னு அலீ அல்மவ்ஸிலி பற்றி அவரிடம் சொன்னேன். ஈராக்கின் மோசூல்காரர், ஆயிரம் வருடத்துக்கு முன் எகிப்தில் கண் வைத்தியம் பார்த்தவர். நடுவே துளையுள்ள உலோக ஊசியைக் கண்ணுக்குள் செலுத்தி, புரையைத் தள்ளாமல் உறிஞ்சி வெளியே எடுப்பதைத் தன் நூலில் எழுதி வைத்திருக்கிறார். புரை என்பது கண்ணுக்குள் இறங்கிய நீர் என்று அன்று நம்பினார்கள். லென்ஸே மங்குகிறது என்று தெரிந்தது பல நூற்றாண்டுகள் கழித்து. ஆனாலும் உறிஞ்சி எடுக்கலாம் என்று தோன்றியதே, அதுதான் பெரிது. கெட்டியான புரைக்கு அந்த ஊசி போதாது. இன்று அல்ட்ராசவுண்ட் அதிர்வால் லென்ஸை உடைத்துக் குழல் வழியாக உறிஞ்சுகிறார்கள். 1967-ல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் கெல்மன் கொண்டுவந்த முறை.

அத்தா ஊசிக்காரர் அல்லவா, அவர் மனசு அங்கேயே நின்றுவிட்டது. "கண்ணுக்குள்ள போற அளவுக்கு மெல்லிசு, அதுலயும் நடுவுல ஓட்டையா? அந்தக் காலத்துலயா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அப்புறம், "சரி, எடுத்துரச் சொல்லு" என்றார்.

கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. நாங்கள் கேட்பதற்கு முன்பே ஒரு சிஸ்டர், "ஒளு (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது) செய்யும்போது கண்ணில் தண்ணீர் படக் கூடாது, ஈரத் துணியால் துடைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நாள் சஜ்தா (நெற்றி தரையில் படக் குனிவது) வேண்டாம், நாற்காலியில் உட்கார்ந்து தொழுங்கள் ஐயா" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன்.

மறுநாள் கட்டைப் பிரித்ததும் ஜன்னல் வெளிச்சம் பட்டு "கூசுதுடா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு இப்னுல் ஹைதம் ஞாபகம் வந்தது. பஸ்ராவில் பிறந்தவர். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுவதால்தான் பார்க்கிறோம் என்று பழைய கிரேக்க அறிஞர்கள் யூக்ளிட், தாலமி வழியில் நம்பிய காலத்தில், பொருளிலிருந்து ஒளிதான் கண்ணுக்கு வருகிறது என்று ஏழு பாகம் எழுதி நிறுவியவர். பலமான வெளிச்சத்தைப் பார்த்தால் கண் வலிக்கிறதே என்பது அவர் காட்டிய சான்றுகளில் ஒன்று. அம்மாரும் அவரும் கலீஃபா அல்ஹாகிம் ஆட்சியில் எகிப்தில் இருந்தவர்கள். பத்தாம் வகுப்பில் ஒளியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர்கள் தெரியாமலே போவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அரவிந்தும் சும்மா வந்ததல்ல. டாக்டர் வெங்கடசாமி 1976-ல் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு தொடங்கியது. முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன பிறகும் கண் அறுவை செய்தவர். புரையை எடுத்த இடத்தில் பொருத்தும் செயற்கை லென்ஸையும் 1992-லிருந்து மதுரையிலேயே தங்கள் ஆரோலேப் தொழிற்கூடத்தில் செய்கிறார்கள். பணம் கட்டுகிறவர்கள் தருவதில்தான் கட்ட முடியாதவர்களுக்கும் ஆபரேஷன் நடக்கிறது. நாங்கள் கட்டினோம், மனநிறைவோடு.

சொட்டு மருந்து நேரத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள். அத்தா தன் அளவு நோட்டிலேயே எழுதி வைத்து, ஒவ்வொரு வேளைக்கும் தையல் சாக்பீஸால் டிக் போட்டார்.

இப்போது ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்ப்பதே அவருக்கு வேலையாக இருக்கிறது. "இந்தக் கண்ணுல என் சட்டை வெள்ளை, அந்தக் கண்ணுல சந்தனக் கலரு" என்கிறார். அந்தக் கண்ணுக்கு அடுத்த மாதம் தேதி வாங்கியாயிற்று. போன வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து வந்தவர், "அந்த மோசூல்காரர் பேரை இன்னொரு தடவை சொல்லுடா, பாத்திஹா ஓதணும்" என்று கேட்டார்.