காசு கொடுக்காமல் மண்பாதையில் ஓட: பார்க்ரன், ஹேஷ், ஃபேட் ஆஸ், ஃபெல் – எது யாருக்கு?

மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள். அன்றிலிருந்து மாலை ஏழு மணிக்கும் வெளிச்சம் இருக்கும். குளிர்காலம் முழுக்கத் தெருவிளக்கை நம்பி நடைபாதையில் ஓடியவர்களுக்கு மண்ணில் ஓட ஆசை வருவது இப்போதுதான். ஆனால் பெரிய ட்ரெயில் பந்தயங்களின் கட்டணத்தைப் பார்த்தால் அந்த ஆசை பாதி வடிந்துவிடும். அவ்வளவு கொடுத்து வாங்கி வரும் மெடல் கடைசியில் கதவுக் கொக்கியில்தான் தொங்கப்போகிறது.

காசே கொடுக்காமல், அல்லது பெயருக்கு ஏதோ கொடுத்து, மண்பாதையில் ஓட இங்கே நான்கு வழிகள் இருக்கின்றன. பார்க்ரன், ஹேஷ், ஃபேட் ஆஸ், ஃபெல். நான்கையும் 'மலிவு ஓட்டம்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள். செலவே இல்லாத ஓட்டம் எங்கும் கிடையாது. அந்தச் செலவை யார் தலையில் ஏற்றுகிறார்கள் என்பதில்தான் இந்த நான்கும் பிரிகின்றன. உங்களுக்கு எது ஒத்துவரும் என்பதையும் பெரும்பாலும் அதுவே முடிவு செய்கிறது.

பார்க்ரன்: எல்லாருக்கும் தெரிந்தது, எல்லாருக்கும் தெரியாத பக்கம்

2004 அக்டோபர் 2 அன்று தென்மேற்கு லண்டனின் புஷி பார்க்கில், பூங்காக்களில் வாரா வாரம் நடக்கும் இந்த இலவச ஓட்டம் தொடங்கியபோது ஓட வந்தவர்கள் 13 பேர். தொடங்கிய பால் சின்டன்-ஹியூவிட் அப்போது காயத்தால் ஓட முடியாமல் இருந்தார். நண்பர்களோடு தொடர்பு விட்டுப்போகக் கூடாது என்று அவர்களை ஓடவிட்டுத் தான் நேரம் குறித்தார். முடித்த வரிசையைக் காட்ட, எண் பொறித்த இரும்பு வாஷர்களைக் கையில் கொடுத்தார்கள். இன்று வாஷருக்குப் பதில் டோக்கன், கூடவே பார்கோடு. ஒருமுறை பெயரைப் பதிந்துகொண்டால் எந்த ஊர் பார்க்ரனிலும் ஓடலாம். தூரம் 5 கிலோமீட்டர். இங்கிலாந்தில் சனிக்கிழமை காலை 9 மணி, ஸ்காட்லாந்தில் 9.30. பார்கோடை மறந்து வந்தால் நேரம் பதிவாகாது. அந்த விஷயத்தில் தயவு தாட்சண்யமே இல்லை.

பார்க்ரன் என்றாலே குளத்தைச் சுற்றித் தார்ப்பாதை என்று பலர் நினைக்கிறார்கள். 2007இல் இரண்டாவதாகத் தொடங்கிய இடமே விம்பிள்டன் காமன், அது காட்டுப்பாதை. டூட்டிங், நியூ மால்டன் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்குக் கைக்கெட்டும் தூரம். குரோய்டன்காரர்களுக்கு லாய்ட் பார்க்கில் புல்மேடும் சகதியும் காத்திருக்கின்றன. வடக்கு லண்டனில் ஹாம்ப்ஸ்டெட் ஹீத் ஏற்ற இறக்கத்துக்குப் பேர்போனது. இன்னும் வேண்டுமென்றால் வடக்கே கம்ப்ரியாவில் வின்லாட்டர் மலைக்காடு. அங்கே 5 கிலோமீட்டர் ஓடியவர்கள் சமதளமான புஷி பார்க் நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் இருப்பது மனதுக்கு நல்லது.

குறை என்னவென்றால், வாரா வாரம் அதே பாதை, அதே தூரம். குறுகலான காட்டுப்பாதையில் கூட்டம் சேர்ந்தால் முதல் ஒரு கிலோமீட்டர் முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே போக வேண்டியதுதான். அப்புறம், இது பந்தயம் இல்லை என்று அவர்களே சொல்கிறார்கள். 2024 பிப்ரவரியில் பாதைவாரியான வேகச் சாதனைப் பட்டியல்களையும் தங்கள் தளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். வேக ஓட்டக்காரர்கள் கொதித்தார்கள், மனுப் போட்டார்கள், ஒன்றும் நடக்கவில்லை. என்னைக் கேட்டால் அந்த முடிவில் தப்பில்லை. கடைசியில் நடந்து வருகிறவருக்காகத் தனியாக ஒரு தன்னார்வலரை நிறுத்தி வைக்கும் அமைப்பு அது. முதலில் வருகிறவரைக் கொண்டாடுவது அதன் வேலையாக ஒருபோதும் இருந்ததில்லை.

சரி, செலவு யாருடையது? விளம்பரதாரர்கள், நன்கொடைகள், பூங்காவைத் திறந்துவிடும் உள்ளாட்சிகள், எல்லாவற்றுக்கும் மேலாக மழையில் நின்று பார்கோடு ஸ்கேன் செய்யும் தன்னார்வலர்கள். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிஸ்டல் அருகே லிட்டில் ஸ்டோக்கில் நடந்தது உதாரணம். 2016இல் அங்குள்ள உள்ளூர்க் கவுன்சில், பூங்காவைப் பயன்படுத்தக் கட்டணம் வேண்டும் என்று தீர்மானித்தது. கட்டணம் கொடுத்து நடத்துவதில்லை என்ற கொள்கையை விட மறுத்து, அங்கே பார்க்ரனையே நிறுத்திவிட்டார்கள். பிரான்ஸில் கதை வேறு: ஓட்டக்காரர்கள் மருத்துவச் சான்றிதழ் காட்ட வேண்டும் என்ற விதியோடு ஒத்துப்போக முடியாமல் 2022இல் கடையைக் கட்டினார்கள்.

ஹேஷ்: முந்திப் போகிறவனை ஏமாற்றும் ஓட்டம்

தடம் தேடி ஓடும் இந்த ஆட்டத்தின் பிறப்பிடம் கோலாலம்பூர், ஆண்டு 1938. ஆல்பர்ட் கிஸ்பர்ட் என்ற கணக்காளரும் சக ஆங்கிலேயர்களும் வார இறுதிக் குடியின் களைப்பைத் திங்கட்கிழமை ஓடித் தீர்க்கத் தொடங்கினார்கள். அவர்கள் சாப்பிட்ட சிலாங்கூர் கிளப் விடுதியின் சுவையற்ற சாப்பாட்டைக் கிண்டலடித்து வைத்ததுதான் 'ஹேஷ் ஹவுஸ்' என்ற பெயர். கிஸ்பர்ட் 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர்ப் போரில் இறந்தார். போருக்குப் பின் சங்கமாகப் பதிவு செய்யும்போது எழுதிய நோக்கங்களில், உடல்நலத்தோடு நல்ல தாகத்தை வரவழைத்துப் பீரால் தணிப்பதும் ஒன்று. அன்றைக்கு அவர்கள் ஓடிய பாதைகளில் ரப்பர் தோட்டங்கள் உண்டு. நம் ஆட்கள் விடியற்காலையில் பால்மரம் சீவிய வரிசைகளுக்கு நடுவே சாயங்காலம் துரைமார் விளையாட்டுக்கு ஓடினார்கள். இன்று கோலாலம்பூர் ஹேஷில் எல்லா இனத்தவரும் ஓடுகிறார்கள், தமிழர்களும்தான்.

ஆட்டம் எளிது. 'முயல்' என்று ஒருவர் முன்கூட்டியே போய் மாவோ காகிதத்துண்டோ போட்டுத் தடம் அமைப்பார். மற்றவர்கள் வேட்டைநாய்கள். வழியில் தடம் திடீரென்று நின்றுவிடும், அல்லது பொய்த்தடமாக ஐந்நூறு அடி போய் அறுந்துவிடும். வேகமாக ஓடுகிறவர்கள்தான் முதலில் தப்பான திசையில் ஓடித் திரும்ப வேண்டும். சரியான தடம் கண்டவர் "ஆன் ஆன்" என்று கத்துவதற்குள் மூச்சு வாங்கிக்கொண்டே பின்னால் வந்தவரும் சேர்ந்துவிடுவார். இருபது வயதுக்காரரும் அறுபது வயதுக்காரரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடிக்கும்படி வடிவமைத்த வேறு ஓட்டம் எனக்குத் தெரிந்து இல்லை. எண் இல்லை, நேரம் இல்லை, முடிவுப் பட்டியல் இல்லை. யாராவது பந்தயம் போல ஓடினால் முடிவில் வட்டத்தில் நிறுத்திக் கேலி செய்து ஒரு கிளாஸ் குடிக்க வைப்பார்கள்.

பாதை என்று பார்த்தால் பார்க்ரன் இதன் பக்கத்தில்கூட வர முடியாது. வாரம் ஒரு காடு, வாரம் ஓர் ஓடை, சில சமயம் இடுப்பளவு வளர்ந்த, தொட்டால் அரிக்கும் நெட்டில் செடி. முயலின் குறும்பைப் பொறுத்தது எல்லாம். மாவு மட்டும் சில ஊர்களில் வம்பில் மாட்டிவிடும்: 2007இல் அமெரிக்காவின் நியூ ஹேவனில் இகியா கடை வாகன நிறுத்தத்தில் ஹேஷ்காரர்கள் போட்ட மாவை விஷப்பொடி என்று பயந்து கடையையே காலி செய்தார்கள், தடம் போட்டவர்கள் மீது வழக்கும் பாய்ந்தது.

இங்கே செலவு முயலின் உழைப்பும், கடைசிப் பானங்களுக்கு எல்லாரும் போடும் சில பவுண்டுகளும். அந்தப் பணத்தில் ஆரஞ்சு ஜூஸும் வாங்குவார்கள். மது குடிக்காதவர்களை யாரும் வற்புறுத்துவதில்லை. ஆனால் பாட்டுகளும் பட்டப்பெயர்களும் பச்சையாக இருக்கும். பிள்ளைகளை அழைத்துப் போகலாமா என்பதை அந்தந்தக் குழுவிடம் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

ஃபேட் ஆஸ்: எல்லாம் உன் முதுகில்

'கொழுத்த பிட்டம்' என்று பொருள்படும் இந்தப் பெயரைப் பெரியவர்கள் முன் சொல்லத் தயங்குவீர்கள். 1970களின் கடைசியில் கலிஃபோர்னியாவில் ஜோ ஓக்ஸ் என்பவர், பண்டிகைக் காலத்தில் தின்று ஏற்றிய கொழுப்பைக் கரைக்க 50 மைல் ஓட்டம் ஒன்றை வைத்தார். கட்டணம் இல்லை, பரிசு இல்லை, உதவி இல்லை, புலம்பலும் கூடாது என்பது விதி. அதே பாணியில் இப்போது பல நாடுகளில் நண்பர் குழுக்கள் நடத்துகின்றன. இடமும் நேரமும் சொல்வார்கள். தண்ணீர், சாப்பாடு, வரைபடம், வீட்டுக்குத் திரும்ப வழி எல்லாம் உங்கள் பொறுப்பு. யாரும் யாருக்கும் காசு கொடுக்காத ஓட்டம் இது ஒன்றுதான், அதனாலேயே புதியவருக்கு ஆபத்தானதும் இதுதான். கணுக்கால் பிசகினால் துணைக்கு அடுத்து வரும் ஓட்டக்காரர்தான். நீண்டதூரம் பழகியவர்களுக்கு அருமை. மற்றவர்கள் தள்ளியே இருக்கலாம்.

ஃபெல்: நாலு காசு, ஏராளமான கண்டிப்பு

ஃபெல் என்றால் வட இங்கிலாந்துப் பேச்சில் குன்று. இது இலவசம் அல்ல. ஆனாலும் இந்த வரிசையில் சேர்க்காமல் விட்டால் ஒப்பீடு நேர்மையாக இருக்காது. வட இங்கிலாந்துக் குன்றுகளில் வசந்தம் வந்ததும் வாரநாள் மாலைகளில் நடக்கும் சிறு ஃபெல் பந்தயங்களுக்கு ஒரு சாயங்கால சினிமா டிக்கெட்டை விடக் குறைவாகவே ஆகும். பல இடங்களில் அன்று மாலையே போய்ப் பெயர் கொடுக்கலாம். ஓட்டம் முடிந்ததும் கேக்கும் டீயும் உண்டு.

நான்கில் நெஞ்சைத் தொட்டுப் 'பந்தயம்' என்று சொல்லக்கூடியது இதுதான். தரம் பிரிப்பதே பயமுறுத்தும்: ஏ வகை என்றால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சராசரியாக 50 மீட்டராவது ஏற வேண்டும், சாலை 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பி வகைக்கு 25 மீட்டர், சி வகைக்கு 20. கூடவே தூரத்துக்கு ஓர் எழுத்து. 10 கிலோமீட்டர் வரை குட்டை, 20 அல்லது அதற்கு மேல் நெட்டை. புதியவர் குட்டையான சி வகையில் தொடங்கலாம். பல பந்தயங்களில் மழைச்சட்டை, வரைபடம், திசைகாட்டி, விசில் எல்லாம் கட்டாயம், தொடங்கும் முன் பையைத் திறந்து பார்ப்பார்கள். ஏப்ரலில் கீழே வெயில் அடிக்கும்போது மேலே ஆலங்கட்டி விழும் ஊர் அது, கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது.

பாதியில் விட்டுவிட்டுச் சொல்லாமல் வீட்டுக்குப் போவது இங்கே மிகப் பெரிய குற்றம். முடிவுக் கோட்டுக்கு வந்து பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். இல்லையென்றால், சம்பளம் வாங்காத மலை மீட்புக் குழுவினர் உங்களைத் தேடி இரவெல்லாம் குன்றில் அலைவார்கள்.

பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

குழந்தைகளோடு போக வேண்டுமானால் போட்டியே இல்லை, பார்க்ரன்தான். 4 முதல் 14 வயது வரை ஞாயிற்றுக்கிழமை 2 கிலோமீட்டர் ஜூனியர் ஓட்டம் தனியாக நடக்கிறது. பெரியவர்களின் 5 கிலோமீட்டரில் 11 வயதுக்கு உட்பட்டவர் ஓடினால் கை எட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையும் கூட்டிப் போகலாம். அங்கே நடப்பதற்கும் மரியாதை உண்டு.

வேகம் கூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானாலும் பார்க்ரன், ஏனென்றால் ஒரே பாதை. ஆனால் மார்ச் சகதியில் எடுத்த நேரத்தையும் மே மாதக் காய்ந்த மண்ணில் எடுத்ததையும் ஒப்பிட்டு மார்தட்டாதீர்கள்.

தனியாக ஊருக்குப் புதிதாக வந்து ஆள் தெரியாமல் இருப்பவருக்கு நான் ஹேஷைச் சொல்வேன். பார்க்ரனில் ஐந்நூறு பேருக்கு நடுவே யாரோடும் பேசாமல் வீடு திரும்ப முடியும். ஹேஷில் அது நடக்காது, தடம் அறுந்த இடத்தில் பேசியே ஆக வேண்டும். மண்பாதையில் காலை எங்கே வைப்பது, சரிவில் எப்படி இறங்குவது என்று கற்றுக்கொள்ளவும் அது நல்ல பள்ளி. அங்கே இரண்டு மாதம் பழகிவிட்டு ஃபெல்லுக்குப் போனால் குன்று அவ்வளவு மிரட்டாது.

நாய் வளர்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொது அணுகல் நிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயைக் குட்டைக் கயிற்றில்தான் வைத்திருக்க வேண்டும் என்பது இங்கிலாந்துச் சட்டம். தரையில் கூடு கட்டும் பறவைகளுக்காக. ஆட்டுக்குட்டி ஈனும் காலமும் அதுதான். மான் திரியும் பூங்காக்களில் ஓடியவர்கள் வீட்டுக்கு வந்ததும் காலில் உண்ணி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், அவை லைம் நோயைப் பரப்பக்கூடியவை.

இதெல்லாம் இருந்தும், தங்கள் பேட்டையிலேயே இலவசமாக ஒரு வசந்தகால ட்ரெயில் தொடர் நடத்த நினைக்கும் குழுக்கள் உண்டு. அவர்களுக்கு என் யோசனை: பார்க்ரனிடமிருந்து தன்னார்வலர் முறைப்பட்டியலையும், ஃபெல்லிடமிருந்து ஆள் கணக்கு எடுக்கும் கண்டிப்பையும், ஹேஷிடமிருந்து வாரம் ஒருவர் பாதை போடும் வழக்கத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். நிலத்துக்குச் சொந்தக்காரரின் அனுமதியையும் காப்பீட்டையும் முடித்துவிட்டுத்தான் தேதி அறிவிக்க வேண்டும். தூரத்தை வெளிச்சத்தைப் பார்த்து வையுங்கள். ஏப்ரல் தொடக்கத்தில் லண்டனில் சூரியன் மறைவது ஏழரை மணிவாக்கில், மே கடைசியில் ஒன்பதைத் தாண்டிவிடும். முதல் வாரம் 4 கிலோமீட்டரில் தொடங்கி, கடைசி வாரம் 10க்குக் கொண்டு போகலாம்.