யூபிஎஸ்ஸா, இன்வெர்ட்டரா? நான் பேட்டரியைப் பார்த்துத்தான் முடிவெடுத்தேன்

வீட்டில் ஒரு கணினி, அலுவலகத்தில் நான்கு. ஐந்துக்குமான மின் பாதுகாப்பைப் போன மாதம்தான் மாற்றி முடித்தேன். சர்ஜ் புரொடெக்டர், ஆஃப்லைன் யூபிஎஸ், லைன் இன்டராக்டிவ் யூபிஎஸ், ஆன்லைன் யூபிஎஸ், வீட்டு இன்வெர்ட்டர் என எல்லாவற்றையும் ஒவ்வொரு காலத்தில் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். இப்போது ஐந்து கணினிக்கும் லைன் இன்டராக்டிவ்தான், அதுவும் பேட்டரியை நாமே கழற்றி மாட்டக்கூடிய மாடல்.

சர்ஜ் புரொடெக்டரைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. திடீரென எகிறும் மின்னழுத்தத்தைத் தாங்கிக்கொள்ளும். கரண்ட் போனால் கணினியும் அணைந்துவிடும். உள்ளே அந்த மின்னழுத்தத்தை வாங்கிக்கொள்ளும் வேரிஸ்டர் என்ற பாகம் அடி வாங்க வாங்கத் தேயும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிப் பல வருடமான சர்ஜ் புரொடெக்டரை நம்பி விலை உயர்ந்த எதையும் செருகாதீர்கள்.

அடுத்து எல்லாரும் கேட்பது, வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கும்போது யூபிஎஸ் எதற்கு என்று. நியாயமான கேள்வி. கரண்ட் போன கணத்துக்கும் பேட்டரி கைகொடுக்கும் கணத்துக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி உண்டு. கணினியின் பவர் சப்ளை சுமார் 16 மில்லி வினாடி வரை உள்ளே சேர்த்து வைத்த மின்சாரத்தில் தாக்குப்பிடிக்கும். மலிவான பவர் சப்ளை அதற்கும் முன்பே கைவிடும். சாதாரண யூபிஎஸ் 10 மில்லி வினாடிக்குள் மாறிவிடுகிறது. இன்வெர்ட்டரோ சாதாரண நிலையில் 40 வரைகூட எடுத்துக்கொள்ளலாம். யூபிஎஸ் நிலைக்கு மாற்றும் சுவிட்ச் இருந்தால் இடைவெளி குறையும். அந்த நிலையில் என் வீட்டுக் கணினி பெரும்பாலும் அணையாமல் ஓடியது. ஆனால் பேட்டரி தீரப்போகிறது என்று கணினிக்குச் சொல்ல இன்வெர்ட்டருக்கு வழி இல்லை. நீங்கள் மேசையில் இல்லாத நேரத்தில் தீர்ந்தால் எல்லாம் பட்டென்று அணைந்துவிடும். யூபிஎஸ்ஸின் பின்னால் உள்ள யூஎஸ்பி வயரைக் கணினியில் செருகினால் விண்டோஸ் அதை லேப்டாப் பேட்டரியைப் போலவே எடுத்துக்கொண்டு, குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியதும் தானே முறையாக மூடிவிடும். லினக்ஸ் என்றால் அதற்கு நட் என்ற மென்பொருள் இருக்கிறது.

இன்வெர்ட்டரின் பெரிய பலம் நேரம். மணிக்கணக்கில் வேலை நடக்க வேண்டுமென்றால் இன்வெர்ட்டரிலிருந்து சின்ன யூபிஎஸ், அதிலிருந்து கணினி என்று மாட்டலாம். ஆனால் அது சைன் வேவ் இன்வெர்ட்டராக, அதாவது சுவரில் வரும் மின்சாரத்தைப் போலவே சீராக வளையும் அலையைத் தருவதாக இருக்க வேண்டும். மலிவான இன்வெர்ட்டர் தரும் சதுர வடிவ (ஸ்கொயர் வேவ்) மின்சாரத்தைச் சில யூபிஎஸ்கள் ஏற்காமல், தன் பேட்டரிக்கே தாவிவிடும்.

சரி, யூபிஎஸ்ஸிலேயே எது? ஆஃப்லைன் வகை, மின்னழுத்தம் கொஞ்சம் இறங்கினாலும் பேட்டரியை எழுப்பிவிடும். லைன் இன்டராக்டிவ் வகையில் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் அந்த ஏற்ற இறக்கத்தைத் தானே சரிக்கட்டும். டிக் என்று ரிலே சத்தம் கேட்கும், அவ்வளவுதான், பேட்டரி தொடப்படுவதில்லை. மின்னழுத்தம் நாள் முழுக்க ஆடும் இடத்தில் இது பேட்டரியின் ஆயுளையே மாற்றிவிடும்.

ஆன்லைன் யூபிஎஸ் தரத்தில் எல்லாவற்றுக்கும் மேலே. வரும் மின்சாரத்தை எந்நேரமும் டிசியாக்கி, மறுபடி ஏசியாக்கித் தருவதால் மாறும் இடைவெளி என்பதே கிடையாது. சர்வருக்கு அதுதான் சரி. ஆனால் அலுவலகத்தில் அதை வைத்திருந்தபோது விசிறி ஓயாமல் ஓடியது. பெட்டி எப்போதும் வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே ஒன்றல்ல, மூன்று பேட்டரி. ஒன்று போனாலும் மூன்றையும் சேர்த்து மாற்ற வேண்டும். பழையதும் புதியதும் கலந்தால் புதியதும் சீக்கிரம் கெடும்.

முடிவைத் தீர்மானித்தது இந்தப் பேட்டரிதான். கடையில் விஏ (எவ்வளவு சுமை தாங்கும் என்ற அளவு) எவ்வளவு என்று கேட்கிறோம், எத்தனை சாக்கெட் என்று எண்ணுகிறோம். ஆனால் மின்னணுப் பாகங்கள் பத்து வருடம்கூட ஓடும். சீல் செய்த ஈய அமில பேட்டரி மூன்றிலிருந்து ஐந்து வருடம்தான். அதுவும் 25 டிகிரி வெப்பத்தில். அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். மேசைக்கடியில் சுவரோடு ஒட்டி, காற்றே போகாத மூலையில் வைத்த யூபிஎஸ் இரண்டே வருடத்தில் ஓய்ந்துவிடுவது இதனால்தான். ஓய்ந்ததை அது வெளியே காட்டுவதும் இல்லை. பச்சை விளக்கு எரியும், எல்லாம் சரியாக இருப்பது போலவே இருக்கும். என் முதல் யூபிஎஸ் அப்படித்தான் ஏமாற்றியது. கரண்ட் போனது, ஒரே ஒரு பீப், திரை இருண்டது. மாலை முழுக்கத் தட்டிய கணக்குக் கோப்பு திறந்த நிலையிலேயே போய், மறுநாள் திறக்கவே இல்லை.

பழுது பார்க்கக் கொண்டுபோன இடத்தில், இந்த மாடலைப் பிரிக்க முடியாது, புதிது வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். வீட்டுக்கு வந்து, நான்கு பக்கமும் ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கை நெம்பித் திறந்தேன். பேட்டரியின் பக்கங்கள் உப்பி, தட்டில் இறுகிப்போயிருந்தது. அசைத்து அசைத்து இழுத்ததில் தட்டே விரிசல் விட்டது.

இப்போது வாங்கும்போது பெட்டியைக் கவிழ்த்துப் பார்க்கிறேன். அடியிலோ முன்புறமோ மூடி இருக்கிறதா? உள்ளே 12 வோல்ட், 7 ஆம்பியர் அவர் (எவ்வளவு மின்சாரம் சேமிக்கும் என்ற அளவு) பேட்டரியா? அதன் அளவு ஏறக்குறைய எல்லாத் தயாரிப்பிலும் ஒன்றுதான்: 151 மில்லிமீட்டர் நீளம், 65 அகலம், 94 உயரம். இதே அளவில் 9 ஆம்பியர் அவரும் கிடைக்கும். பார்க்க வேண்டியது டெர்மினல், அதாவது வயர் மாட்டும் முனையின் அகலம் மட்டும், 4.75, 6.35 மில்லிமீட்டர் என இரண்டு வகை உண்டு. மாற்றுவது பத்து நிமிட வேலை. யூபிஎஸ்ஸை அணைத்து, பிளக்கை எடுத்து, கறுப்பு வயரைக் கழற்றி, பிறகு சிவப்பு. புதியதில் சிவப்பு முதலில், கறுப்பு கடைசியில். கடைசி வயர் தொடும்போது சின்னதாக ஒரு பொறி பறக்கும்; அது இயல்புதான். சிவப்பையும் கறுப்பையும் மாற்றி மாட்டினால் மட்டும் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு போய்விடும். பழைய பேட்டரியில் ஈயம் இருக்கிறது, குப்பையில் போடாதீர்கள். பேட்டரி விற்கும் கடைகள் பெரும்பாலும் வாங்கிக்கொள்ளும்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியோடு வரும் யூபிஎஸ்கள் இதைவிட நீண்ட நாள் உழைக்கக்கூடியவை. ஒன்றை நான் சில மாதமாகத்தான் ஓட்டுகிறேன், அதனால் அதைப் பற்றி உறுதியாகப் பேசத் தயாரில்லை. அதேபோல் மலிவான மாடல்கள் பேட்டரியில் ஓடும்போது படிக்கட்டு வடிவ அலையைத்தான் தருகின்றன. ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சர்க்யூட்) உள்ள பவர் சப்ளை சிலவற்றுக்கு அது ஒத்துக்கொள்ளாது. என் ஐந்து கணினிகளில் பிரச்சினை வரவில்லை. பெரிய கிராஃபிக்ஸ் கார்டு போட்ட கணினி என்றால் சைன் வேவ் மாடலே பத்திரம். லேசர் பிரிண்டரை மட்டும் எந்த யூபிஎஸ்ஸின் பேட்டரி சாக்கெட்டிலும் செருகாதீர்கள். சூடாகும்போது அது இழுக்கும் மின்சாரத்தை இந்த மாதிரிச் சின்ன யூபிஎஸ் தாங்காது.

ஆன்லைன் யூபிஎஸ்ஸுக்கு ஒதுக்கிய பணத்தில் மிஞ்சியதை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குகளில் போட்டேன். எவ்வளவு நல்ல யூபிஎஸ்ஸும் ஆயுள் முடிந்த டிஸ்க்கைக் காப்பாற்றாது. ரெய்டு (ஒரே கோப்பை ஒரே நேரத்தில் இரண்டு டிஸ்க்கில் எழுதும் ஏற்பாடு) வைத்திருக்கிறேன், போதாதா என்று நண்பர் கேட்டார். போதாது. தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் ரெய்டு இரண்டு டிஸ்க்கிலும் அழிக்கும். கிளவுடில் ஒத்திசையும் ஃபோல்டரும் அப்படித்தான், பழைய பதிப்புகளை வைத்திருக்கும் வசதி இல்லாவிட்டால். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்ற விதியைத்தான் பின்பற்றுகிறேன். டிஸ்க் இரண்டு, வாரம் ஒன்று மாற்றி ஒன்று. ஒன்று அலுவலகத்தில் இருந்தால் மற்றது வீட்டில். பேக்கப் முடிந்ததும் வயரைக் கழற்றிவிடுவேன், ஏனென்றால் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர், செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

ஒவ்வொரு யூபிஎஸ் மேலும் பேட்டரி மாற்றிய மாதத்தையும் வருடத்தையும் எழுதி ஒட்டியிருக்கிறேன். மாதத்தின் முதல் சனிக்கிழமை, வேலையை எல்லாம் சேமித்துவிட்டுச் சுவர் சுவிட்சை அணைத்து, எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று பார்க்கிறேன். பிளக்கைப் பிடுங்குவதில்லை, எர்த் இணைப்பு அறுந்துவிடும். காத்திருக்கும் நேரத்தில் லேப்டாப்பில் பேக்கப் டிஸ்க்கைச் செருகி, அதிலிருந்து ஏதாவது ஒரு பழைய கோப்பைத் திறந்து பார்த்துக்கொள்கிறேன்.