மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை: டாக்டர்களின் கையை எதை வைத்து அளப்பது?

கண் ஆபரேஷனுக்கு இடம் தேடும்போது, டாக்டர் பெயருக்குப் பின்னால் எத்தனை பட்டம் இருக்கிறது என்றுதான் பலரும் பார்க்கிறார்கள். பட்டம் படிப்பைச் சொல்லும், கையைச் சொல்லாது. கையைத் தெரிந்துகொள்ள ஒரு கேள்வி போதும்: தங்கள் ஆபரேஷனில் எத்தனை தவறிப்போயிற்று என்று அவர்கள் எண்ணி வைத்திருக்கிறார்களா, எண்ணியதை வெளியே சொன்னார்களா?

மதுரை அண்ணா நகரில் இருக்கும் அரவிந்தின் மூத்த டாக்டர்களை நாங்கள் உயர்வாக மதிப்பது இதற்காகத்தான். கண்புரைப் பிரிவின் டாக்டர் ஹரிப்ரியாவும் உடன் பணிபுரிந்தவர்களும் 79,777 புரை ஆபரேஷன்களை அலசி 2012-இல் கணக்கை வெளியிட்டார்கள். ஆபரேஷன் நடக்கும்போதே ஏற்பட்ட சிக்கல், நிரந்தர டாக்டர்களிடம் 0.79 சதவீதம், முதுநிலை மாணவர்களிடம் 2.06 சதவீதம். அதைவிட முக்கியமான எண் ஒன்று உண்டு. பழகுபவர்கள் ஃபேக்கோ என்னும் ஒலியதிர்வு முறையில் செய்தபோது சிக்கல் 4.8 சதவீதம், அதே நிலையில் உள்ளவர்கள் சிறுகீறல் முறையில் செய்தபோது 1.46 சதவீதம்தான்.

காரணம் எளிது. ஃபேக்கோவில் புரையை அதன் பைக்குள் வைத்தே ஒலியதிர்வால் உடைத்து உறிஞ்சுகிறார்கள். பையின் பின்சுவர் தலைமுடியைவிடப் பலமடங்கு மெல்லியது. ஊசிமுனை ஒரு நொடி ஆழம் போனால் கிழிந்துவிடும். கிழிசல் வழியே புரைத்துண்டு விழித்திரைப் பக்கம் விழும். சிறுகீறல் முறையில் வெள்ளைவிழியில் 6 முதல் 7 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சுரங்கம்போல் ஒரு வழி வெட்டி, புரையின் கருவை, அதாவது கெட்டியான நடுப்பகுதியை, பையிலிருந்து முன்னறைக்குக் கொண்டுவந்து முழுசாக வெளியே எடுக்கிறார்கள். சுரங்கம் சாய்வாக இருப்பதால் கண்ணின் உள்ளழுத்தமே அதை மூடிவிடும், தையல் வேண்டாம். இதிலும் தவறு வரும்: சுரங்கத்தை ஆழமாக வெட்டிக் கண்ணுக்குள் முன்கூட்டியே நுழைந்துவிட்டால் வாய் சரியாக மூடாது, கரு வெளியேறும்போது கருவிழியின் (கண்ணின் முன்புறத் தெளிந்த படலம்) உள்பரப்பை உரசினால் அது கலங்கும். அந்த உரசலைத் தடுக்கத்தான் இடையில் பசைபோன்ற திரவத்தை நிரப்புகிறார்கள்.

ஆகவே முற்றிப் பழுப்பேறிய புரைக்கு "சிறுகீறல் முறை" என்று சொன்னால், மலிவானதைத் தலையில் கட்டுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். கெட்டிப் புரையை உடைக்க ஃபேக்கோவில் அதிக அதிர்வு தேவைப்படும். அந்தச் சூடும் அதிர்வும் கருவிழிச் செல்களைத் தின்னும். நேபாளத்தின் தில்கங்கா கண் மருத்துவமனையில் டாக்டர் சாந்துக் ருய்த் குழுவும் அமெரிக்க டாக்டர் டேவிட் சாங்கும் 108 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2007-இல் எழுதினார்கள். ஆறு மாதம் கழித்துக் கண்ணாடியோடு பார்த்ததில் இரு பக்கமும் 98 சதவீதத்தினருக்கு 20/60 (நல்ல கண் 60 அடியில் படிப்பதை 20 அடியில் படிப்பது) அல்லது அதைவிட நல்ல பார்வை. சிறுகீறலுக்கு நேரமும் குறைவு. வெட்டு பெரிதாக இருப்பதால் கோணல் பார்வை (ஆஸ்டிக்மாட்டிசம்) சற்றே கூடலாம். வாகனம் ஓட்டுபவர், முற்றாத புரை உள்ளவர் ஃபேக்கோவையும் மடிக்கும் லென்ஸையும் கேட்பது நியாயமே.

எண்ணிப் பார்த்தால் மட்டும் போதாது, எண்ணிய பிறகு எதை மாற்றினார்கள் என்பதும் பார்க்க வேண்டும். ஆபரேஷன் முடிவில் மாக்ஸிஃப்ளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைக் கண்ணுக்குள்ளேயே 0.1 மில்லிலிட்டர் செலுத்தும் பழக்கத்தை அரவிந்த் வழக்கமாக்கியது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்களை ஒப்பிட்டு 2017-இல் வெளியான கணக்கில், கண்ணுக்குள் சீழ்பிடிப்பது 0.07 சதவீதத்திலிருந்து 0.02 சதவீதமாக இறங்கியிருந்தது. பத்தாயிரம் பேரில் ஐந்து பேரின் கண் தப்புகிறது.

இந்த ஒழுங்கின் வேர் டாக்டர் ஜி. வெங்கடசாமி. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர், அந்த விரல்களாலேயே கத்தியைப் பிடிக்கப் பழகி லட்சத்துக்கும் மேல் ஆபரேஷன் செய்தார். அரசுப் பணியில் ஓய்வுபெற்று 1976-இல் 11 படுக்கையோடு தொடங்கினார். தங்கை டாக்டர் நாச்சியாரும் விழித்திரை நிபுணரான டாக்டர் பி. நம்பெருமாள்சாமியும் தொடக்கத்திலிருந்தே உடன் நின்றார்கள். 1992-இல் அரவிந்தின் தயாரிப்புப் பிரிவான ஆரோலேப் லென்ஸ் தயாரிக்கத் தொடங்கிய பிறகுதான் ஏழைக்கும் கண்ணுக்குள் லென்ஸ் என்பது நடைமுறையானது.

கருவிழிப் பிரிவில் டாக்டர் வெங்கடேஷ் பிரஜ்னாவின் வேலையை விவசாயக் குடும்பங்கள் அறிய வேண்டும். நெல்லுமி, வைக்கோல், கரும்புத் தோகை கண்ணில் பட்டு வரும் பூஞ்சைப் புண்ணுக்குப் புதிய வோரிகோனசோல் சொட்டு மேலா, பழைய நேட்டமைசின் மேலா என்று 323 பேரிடம் நடந்த சோதனை 2013-இல் வெளியானது. பழையதே வென்றது, ஃபியூசேரியம் பூஞ்சையில் இன்னும் தெளிவாக. புண்ணைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்காமல் மருந்துக்கடையில் ஸ்டீராய்டு சொட்டு வாங்கி ஊற்றினால், சிவப்பு குறையும், பூஞ்சை உள்ளே பரவும். கருவிழி ஓட்டையான பிறகு வருபவர்களை எந்தப் பெரிய டாக்டரும் முழுதாகக் காப்பாற்ற முடியாது.

குறைகளும் உண்டு. கூட்டம் அதிகம், ஒரு முழு நாளை ஒதுக்கிக்கொண்டு போக வேண்டும். இது கற்பிக்கும் மருத்துவமனை. கத்தி யார் கையில் என்பதை வெளிப்படையாகக் கேளுங்கள், கேட்பதில் தவறில்லை. பெயர்பெற்ற புரை டாக்டரிடம் விழித்திரைப் பிரச்சினையைக் கொண்டுபோய் நாளை வீணாக்க வேண்டாம். பத்து வருடச் சர்க்கரை இருந்தால் புரைக்கு முன் விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

போகும்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் சாப்பிடும் ஆண்களுக்கு ஆபரேஷனில் கண்மணி திடீரென்று சுருங்கி, கருவிழிக்குப் பின்னுள்ள திரை துணிபோல் அலையக்கூடும். மாத்திரையை நிறுத்திவிட்டுப் போனாலும் இது வரலாம், முன்பே தெரிந்தால் டாக்டர் தயாராக இருப்பார். லென்ஸ் பவருக்காகக் கண்ணின் நீளத்தை அளக்கும்போது அசையாமல் இருங்கள்: ஒரு மில்லிமீட்டர் பிசகினால் பவரில் ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று வரை தப்பும். ஆபரேஷன் முடிந்த முதல் வாரத்தில் வலி கூடுவது, பார்வை மங்குவது, சிவப்பு ஏறுவது, இதில் எது வந்தாலும் அடுத்த பரிசோதனை நாளுக்குக் காத்திருக்காமல் அன்றே போய்விடுங்கள்.