ரேடாரா, மின்னல் செயலியா: ராமநாதபுரம் கரைக்குக் கோடை இடியைக் காட்டித் தருவது எது?

சித்திரை, வைகாசியில் ராமநாதபுரம் கரையோரத்தில் மேற்கு வானத்தை ஒரு கண்ணால் பார்த்தபடியே வேலை செய்கிறவர்கள் நிறைய. களத்தில் குண்டு மிளகாயைக் காயப்போட்டவர், வாலிநோக்கம் பக்கம் பாத்தியில் உப்பு வாருகிறவர், பதநீருக்காக மரத்தின் உச்சியில் இருக்கும் பனையேறி, நாட்டுப்படகில் வலை வீசப் போனவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகுகளான வல்லத்துக்கும் வத்தைக்கும் அந்தத் தடை கிடையாது. சூறைக்காற்றில் முதலில் கவிழ்வதும் அவைதாம். இவர்களுக்கு எந்தக் கருவி எவ்வளவு நேரம் முன்னதாகச் சொல்லும் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறேன்.

முதலில் இடி வரும் பாதை. மேற்குத் தொடர்ச்சி மலையில் நண்பகலுக்குப் பின் எழும் மேகம் நமக்குச் சுமார் 150 கிலோமீட்டர் மேற்கே இருக்கிறது. உயரத்தில் வீசும் மேல்காற்று மேற்கிலிருந்து வரும் நாளில் தேனி, மதுரை, மானாமதுரை, பரமக்குடி என்று கிழக்கே நகரும். ஸ்ரீவில்லிபுத்தூர், அருப்புக்கோட்டை, கமுதி, சாயல்குடி என்பது இன்னொரு பாதை. ஒரே மேகம் இவ்வளவு தூரம் வருவதில்லை. ஓர் இடிமேகத்தின் ஆயுள் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அது பொழிந்து ஓயும்போது கீழே இறங்கும் குளிர்காற்று தரையில் விரிந்து, முன்னால் இருக்கும் வெப்பக்காற்றை மேலே தூக்கி அடுத்த மேகத்தை எழுப்புகிறது. மணிக்கு 30, 40 கிலோமீட்டர் வேகத்தில் இப்படி வந்தால் பிற்பகல் மூன்று மணி மேகத்தின் வாரிசு இரவு ஏழு, எட்டு மணிக்குக் கரையைத் தொடும். ஆனால் கரையை நெருங்கும்போது கடற்காற்று குறுக்கே நிற்கிறது. தரையோரம் படிந்த அந்தக் குளிர்ந்த காற்றில் புதிய மேகம் எழுவது கடினம். அதனால்தான் பரமக்குடியில் கொட்டித் தீர்க்கும் மழை மண்டபத்தில் பல நாட்களில் தூறலாகக்கூட விழுவதில்லை. மேகம் செத்துவிடும், அது தள்ளிவிட்ட காற்று மட்டும் தரையோடு ஓடி வந்துவிடும். நம் கரையில் உயிரை எடுப்பவை காற்றும் மின்னலும்தான். மழையை மட்டும் காட்டும் கருவி இங்கே பாதிக் கருவி என்று நான் சொல்வது இதனால்தான்.

ரேடாருக்கு வருவோம். காரைக்கால் டாப்ளர் ரேடாரின் படத்தை இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தளத்தில் யாரும் பார்க்கலாம். எங்கே, எவ்வளவு வலுவாகப் பெய்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட எதுவும் இல்லை. இரண்டு, மூன்று படங்களை அடுத்தடுத்துப் பார்த்தாலே மேகத்தின் திசையும் வேகமும் பிடிபட்டுவிடும். சிக்கல் தூரத்தில் இருக்கிறது. காரைக்காலிலிருந்து ராமேஸ்வரம் சுமார் 190 கிலோமீட்டர், ராமநாதபுரம் 200, சாயல்குடி 250-ஐ நெருங்குகிறது. பூமி வளைந்திருப்பதாலும் கதிர் சற்றே மேல்நோக்கிச் செல்வதாலும், அரை டிகிரி சாய்வில் கிளம்பிய ரேடார் கதிர் 200 கிலோமீட்டர் தொலைவை அடையும்போது தரையிலிருந்து ஏறத்தாழ 4 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். கோடை இடிமேகம் 15 கிலோமீட்டர் வரை வளரக்கூடியது என்பதால் மேகம் தப்பாது. தரையை ஒட்டி ஓடும் அந்தக் காற்று முழுவதும் கதிருக்கு அடியிலேயே நழுவிவிடும். படத்தில் பலத்த மழையைக் குறிக்கும் சிவப்பு மஞ்சளாகி, மஞ்சள் பச்சையாகும். ‘ஓய்ந்துவிட்டது’ என்று நினைத்துப் படகை இறக்குகிறவர் அந்த நேரத்தில்தான் காற்றில் மாட்டுகிறார். திருவனந்தபுரத்திலும் ஒரு ரேடார் உண்டு. அதற்கும் நமக்கும் நடுவே மலை எழுந்து நிற்கிறது. ராமநாதபுரத்திலேயே ரேடார் அமைக்கப்படும் என்று மாநில அரசு அறிவித்தபோது நான் மனதார மகிழ்ந்தேன். பக்கத்தில் இருக்கும் ரேடாரால்தான் தரையோரக் காற்றைப் பிடிக்க முடியும்.

செயற்கைக்கோள் படம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இன்சாட் படங்களில் மலைமேல் முதல் மேகம் முளைப்பது அழகாகத் தெரியும். முற்றிய மேகத்தின் உச்சி தட்டையாகப் பரவிய பிறகு மாவட்டம் முழுக்க வெள்ளையாகிவிடும். அதற்கடியில் எந்த ஊரில் பெய்கிறது என்பது தெரியாது. பிற்பகல் மூன்று மணி வரை பயன்படும். அதற்குப் பிறகு நான் அதைத் திறப்பதில்லை.

மின்னல் செயலிகளில் நம் நாட்டுக்கென்று இருப்பது ‘தாமினி’. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கியது. நாம் நிற்கும் இடத்தைச் சுற்றி 20, 40 கிலோமீட்டர் வட்டங்கள். கடந்த சில நிமிடங்களில் விழுந்த மின்னல்கள் எத்தனை நிமிடம் முந்தியவை என்பதற்கேற்ப வேறு வேறு நிறப் புள்ளிகளாக. மின்னலின் ரேடியோ அலையைத் தரையில் உள்ள உணர்கருவிகள் வாங்குவதால், ரேடாருக்கு இருக்கும் உயரச் சிக்கல் இதற்கு இல்லை. மேகம் வலுக்கிறதா, தளர்கிறதா என்பதையும் புள்ளிகளின் எண்ணிக்கையே சொல்லிவிடும். திடீரென்று புள்ளிகள் பெருகினால் அடுத்த சில நிமிடங்களில் பலத்த காற்று கீழே இறங்க வாய்ப்பு அதிகம். குறை என்னவென்றால் 40 கிலோமீட்டர் வட்டம் தருவது ஏறத்தாழ ஒரு மணி நேர அவகாசம்தான். மேகத்துக்கு முன்னால் ஓடும் காற்று அதையும் குறைத்துவிடும். கரையை விட்டு விலகிச் சிக்னல் போய்விட்டால் செயலியும் போய்விடும்.

வின்டி போன்ற வானிலைச் செயலிகளில் தெரியும் கணினி மாதிரிக் கணிப்புகளை நம்பி ‘மாலை ஐந்து மணிக்கு உச்சிப்புளியில் இடி’ என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஐரோப்பிய மாதிரி நிலப்பரப்பைப் பிரித்துக் கணக்கிடும் கட்டமே சுமார் 9 கிலோமீட்டர். ஒரு தனி இடிமேகம் அந்தக் கட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடும். ஆனால் காலையில் அதே செயலியில் 700, 500 ஹெக்டோபாஸ்கல் மட்டத்துக் காற்றை, அதாவது சில கிலோமீட்டர் உயரத்தில் வீசும் மேல்காற்றைப் பாருங்கள். மேற்கிலிருந்து வீசினால் மலை மேகம் நம் பக்கம் வரக்கூடிய நாள். கிழக்கிலிருந்து வீசினால் அது கேரளத்துப் பக்கம் போய்விடும். அன்றைய பொழுதைத் திட்டமிட இது போதும். வானிலைத் துறை மூன்று மணி நேரத்துக்குத் தரும் உடனடி முன்னறிவிப்பு பொறுப்பாகத் தயாரிக்கப்படுவது. ஆனால் அது மாவட்டம் முழுமைக்கும் ஒரே நிறம். தொண்டியிலிருந்து சாயல்குடி நேர்கோட்டிலேயே 90 கிலோமீட்டர் அளவு; தொண்டிக்கு வரும் இடிக்குச் சாயல்குடிக்காரர் மிளகாயை அள்ள வேண்டியிருக்கும். நான்கு முறை வீணாக அள்ளியவர் ஐந்தாம் முறை அள்ள மாட்டார். பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் கூண்டு புயலுக்கும் தாழ்வு மண்டலத்துக்கும் உரியது. மாலை இடிக்கு யாரும் கூண்டு ஏற்றப்போவதில்லை.

கடைசியாகக் கண்ணும் காதும். பழைய மீனவர்கள் பார்ப்பது மழையை இல்லை, காற்றின் திருப்பத்தை. மாலை வரை வீசிய கடற்காற்று சட்டென்று அடங்கும். புழுக்கம் ஏறும். பிறகு மேற்கே அடிவானத்தில் செம்மண் நிறத்தில் புழுதி எழும்பி, மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று குளிர்ச்சியாக முகத்தில் அடிக்கும். ரேடாரின் கதிருக்குக் கீழே நழுவும் அதே காற்றை இவர்கள் தரையில் நின்றே படிக்கிறார்கள். இந்தப் படிப்பை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் புழுதி கண்ணில் படும்போது மிச்சம் இருப்பது சில நிமிடங்களே. இடியோசை பத்து, பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் கேட்காது. எஞ்சின் ஓடும் வல்லத்தில் அதுவும் கேட்காது.

ஆகவே என் வரிசை ஆளுக்கு ஆள் மாறுகிறது. மிளகாய்க்காரருக்கும் உப்பளத்துக்கும் ரேடார்தான் முதல். மேகம் மானாமதுரையைத் தாண்டுவதைப் பார்த்துவிட்டால் குவித்துத் தார்ப்பாய் போட நேரம் இருக்கும். படகுக்காரருக்குக் காலையில் மேல்காற்று, பிற்பகலில் கரையிலிருக்கும் ஒருவர் ரேடாரைப் பார்த்துத் தொலைபேசியில் சொல்வது, அதற்குமேல் தன் கண். படத்தில் நிறம் வெளுத்தாலும் கச்சான் வந்து போகும் வரை படகை இறக்கக் கூடாது. பனையேறிக்கு மின்னல் செயலியைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். காலையும் மாலையும் மரம் ஏறுகிற அவருக்கு, இடி வரும் நேரமும் மாலைதான். வெட்டவெளியில் அந்த மரத்தைவிட உயரமாக எதுவும் இல்லை. 40 கிலோமீட்டர் வட்டத்தில் புள்ளி விழுந்தால் புதிதாக மரம் ஏற வேண்டாம். மேலே இருப்பவர் இறங்கிவிட வேண்டும். மழை விட்ட பிறகும் பரந்த மேகத்தின் பின்பகுதியிலிருந்து மின்னல் விழும் என்பதால், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழிந்த பிறகே அடுத்த மரம்.