லோக்கல் எம்சிபி சர்வர்: எஸ்டிடிஐஓவா, ஹெச்டிடிபியா? நான் ஏன் போர்ட் பக்கம் போனேன்

சொந்த லேப்டாப்ல ஒரு டூல் சர்வர் (ஏஐ ஆப் கூப்பிடுற டூல்கள வெச்சிருக்குற ப்ரோகிராம்) ஓட்டி அத கிளாட், கர்சர், விஎஸ் கோட்னு எல்லாத்துக்கும் கொடுக்கணும்னா எம்சிபில (ஏஐ ஆப்புங்க வெளி டூல்களோட பேசுறதுக்கான பொது நெறிமுறை) ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு எஸ்டிடிஐஓ, அதாவது ஆப்பே உங்க சர்வர சைல்ட் ப்ராசஸா கிளப்பி ஸ்டாண்டர்ட் இன்புட், அவுட்புட் வழியா பேசும். இன்னொண்ணு ஸ்ட்ரீமபிள் ஹெச்டிடிபி, சர்வர் பாட்டுக்கு ஒரு போர்ட்ல ஓடிட்டு இருக்கும், ஆப்புங்க வந்து ஒட்டிக்கும். ரெண்டுலயும் போறது வர்றது அதே ஜேசன் ஆர்பிசி 2.0 மெசேஜ்தான், அதனால டூல் கோட்ல கை வைக்க வேணாம், பைத்தான் எஸ்டிகேல (எம்சிபிக்கான பைத்தான் லைப்ரரி) ரன் பண்ற வரில ட்ரான்ஸ்போர்ட் பேர மாத்துனா முடிஞ்சுது. நான் ஹெச்டிடிபிக்கு மாறிட்டேன், திரும்பிப் போற எண்ணம் இல்ல. அதுக்காக எல்லாரும் மாறுங்கன்னும் சொல்ல மாட்டேன்.

முதல்ல ஒரு எச்சரிக்கை. 2024 நவம்பர்ல ஆந்த்ரோபிக் எம்சிபிய விட்டப்போ ஹெச்டிடிபி பக்கம் எஸ்எஸ்இ (சர்வர்லேர்ந்து மெசேஜ் தொடர்ந்து வந்துட்டே இருக்குற முறை) வெச்சு ரெண்டு எண்ட்பாயிண்ட் இருந்துச்சு, 2025 மார்ச் ஸ்பெக்ல அத மாத்தி ஒரே எண்ட்பாயிண்ட் ஆக்கிட்டாங்க. எஸ்எஸ்இன்னு முடியுற யூஆர்எல் போட்ட டுடோரியல் கண்ணுல பட்டா தாண்டிப் போயிடுங்க.

எஸ்டிடிஐஓவோட அழகு என்னன்னா போர்ட் கிடையாது, பாஸ்வேர்ட் கிடையாது, ஆப்ப மூடினா சர்வரும் மூடிக்கும். ஒரு ஆளு, ஒரு ஆப், சின்னதா நாலு டூல்னா இதுக்கு மேல எதுவுமே வேணாம். தொல்லை ரெண்டு இருக்கு. கோட்ல எங்கயாவது ஒரு பிரிண்ட் வரி கிடந்தா அது ஸ்டாண்டர்ட் அவுட்புட்ல போய் விழும், ஆப் அத ஜேசன்னு நெனச்சு படிச்சுட்டு கத்தும், லாக் எல்லாம் ஸ்டாண்டர்ட் எரர்லதான் போகணும். அப்புறம் மேக்ல என்விஎம் (நோட் வெர்ஷன் மாத்துற டூல்) வெச்சு நோட்.ஜேஎஸ் போட்டிருந்தா, டெர்மினல்ல ஓடுற என்பிஎக்ஸ் (நோட் பேக்கேஜ ஓட்டுற கமாண்ட்) கிளாட் டெஸ்க்டாப்புக்கு கண்ணுக்கே தெரியாது, ஏன்னா ஐகான க்ளிக் பண்ணி திறக்குற ஆப்புக்கு ஷெல்லோட பாத் (கமாண்ட எந்த ஃபோல்டர்கள்ல தேடணும்ங்கற பட்டியல்) வராது. கான்ஃபிக்ல என்பிஎக்ஸோட முழு பாத் குடுத்து, நோட் இருக்குற ஃபோல்டரயும் என்வ்ல பாத்ல சேத்துட்டா சரியாயிடும்.

இதெல்லாம் ஒரு தடவ சரி பண்ணா போதும், இதுக்காக நான் மாறல. மாறினது பராமரிப்புக்காக.

என் சர்வர் பண்றது இதுதான்: பழைய இன்வாய்ஸ் பிடிஎஃப் எல்லாத்தையும் இண்டெக்ஸ் பண்ணி வெச்சு தேடும், யார் காசு குடுத்தாங்க குடுக்கலன்னு ஒரு எஸ்க்யூலைட் ஃபைல்ல எழுதும். தேடுறதுக்கு ஒரு சின்ன எம்பெடிங் மாடல் (அர்த்தத்த வெச்சு தேட எழுத்த நம்பரா மாத்துறது) மெமரில ஏறணும். எஸ்டிடிஐஓல ஒவ்வொரு ஆப்பும் தனக்குன்னு ஒரு காப்பி கிளப்பும், ஆக கிளாட் டெஸ்க்டாப், கர்சர், விஎஸ் கோட் மூணும் திறந்திருந்தா மூணு பைத்தான், மூணு மாடல், எல்லாம் ஒரே டேட்டாபேஸ் மேல. ஒரே கிணத்துல மூணு வீட்டுக்காரங்க தனித்தனியா மோட்டார் போட்ட கதைதான். எஸ்க்யூலைட்ல ஒரு நேரத்துல ஒருத்தர்தான் எழுத முடியும், வால் மோட் (WAL, எழுதும்போதே மத்தவங்க படிக்க விடுற செட்டிங்) போட்டாலும் அதே கதைதான், ஒரு காப்பி பெரிய ட்ரான்சாக்‌ஷன்ல இருக்கும்போது இன்னொண்ணு எழுதப் பாத்தா டேட்டாபேஸ் லாக்டுன்னு வந்து நிக்கும், உடனே ஏஐ "மன்னிக்கணும், மறுபடி முயற்சி செய்றேன்"னு அதே டூல திரும்பத் திரும்ப கூப்பிடும், டோக்கன் போறது நம்ம காசு.

அதவிட கடுப்பு, கோட்ல ஒரு வரி மாத்தினா மூணு ஆப்லயும் போய் ரீஸ்டார்ட் பண்ணணும், ஒண்ண மறந்தா அதுல பழைய கோட் ஓடிட்டே இருக்கும். ஏபிஐ கீ மாறினா மூணு கான்ஃபிக்லயும் மாத்தணும். இதுல விஎஸ் கோட் கான்ஃபிக் ஃபைல்ல சர்வர் பட்டியலுக்கு மேல இருக்குற பேரு வேற, மத்த ரெண்டுலயும் வேற, காப்பி பேஸ்ட்டும் நடக்காது.

ஹெச்டிடிபில ஒரு ப்ராசஸ், ஒரு லாக். மேக்ல லாஞ்ச்டில (பின்னணில ப்ரோகிராம ஓட்டுற மேக்கோட சிஸ்டம்) கீப் அலைவ் போட்டு விட்டா விழுந்தாலும் தானா எழுந்துக்கும். டூலுக்கு உள்ள லாஜிக் மட்டும் மாறினா சர்வர ரீஸ்டார்ட் பண்ணா போதும், ஆனா புது டூல் சேத்தாலோ பேராமீட்டர் மாத்தினாலோ ஆப்ப ஒரு தடவ ரீகனெக்ட் பண்ணிடுங்க. ரீஸ்டார்ட்ல ஒரு சிக்கல் உண்டு: பழைய செஷன் ஐடி (ஆப்புக்கும் சர்வருக்கும் நடுவுல இருக்குற கனெக்‌ஷனோட அடையாளம்) செத்துப்போகும், சர்வர் 404 சொல்லும், ஸ்பெக் படி ஆப் புதுசா ஆரம்பிக்கணும், ஆனா எல்லா ஆப்பும் அத ஒழுங்கா பண்றதில்ல. பைத்தான் எஸ்டிகேல ஸ்டேட்லெஸ்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அத ஆன் பண்ணா செஷனே கிடையாது, பிரச்சனையும் கிடையாது. இன்னொண்ணு, ஒரே ப்ராசஸ்ங்கறதால குளோபல் வேரியபிள்ல "இப்போ பாக்குற கஸ்டமர்"னு வெச்சிருந்தா கர்சர்ல மாத்தினது கிளாட்லயும் மாறும். கஸ்டமர் ஐடிய டூல் பேராமீட்டராவே வாங்கிக்கங்க.

செக்யூரிட்டில எஸ்டிடிஐஓதான் நிம்மதி, ஒத்துக்கறேன். போர்ட் திறந்தா 0.0.0.0ல (நெட்வொர்க்ல இருக்குற எல்லாருக்கும் திறக்கும்) வேணாம், 127.0.0.1ல (இந்த மெஷினுக்குள்ள மட்டும்) மட்டும் கட்டுங்க, ரிக்வெஸ்ட் எந்த சைட்லேர்ந்து வருதுன்னு சொல்ற ஆரிஜின் ஹெடர செக் பண்ணுங்க, பாஸ்வேர்ட் மாதிரி ஒரு டோக்கனும் வைங்க. லோக்கல்தானேன்னு விடக்கூடாது, பிரவுசர்ல திறக்குற ஏதோ ஒரு பேஜ் உங்க லோக்கல்ஹோஸ்ட்டுக்கு ரிக்வெஸ்ட் அனுப்ப முடியும். எம்சிபி சர்வர டெஸ்ட் பண்ற எம்சிபி இன்ஸ்பெக்டர்லயே 0.14.1க்கு முந்தின வெர்ஷன்கள்ல இதே மாதிரி ஓட்டை இருந்து 2025ல சிவிஇ நம்பர் (பாதுகாப்பு ஓட்டைகளுக்கு குடுக்குற பொது அடையாள எண்) வாங்குச்சு.

கர்சர், விஎஸ் கோட், கிளாட் கோட் மூணும் யூஆர்எல்ல நேரடியா எடுத்துக்கும். கிளாட் டெஸ்க்டாப்போட கான்ஃபிக் ஃபைல் கமாண்ட்தான் கேக்கும், அதுக்கு எம்சிபி ரிமோட்ங்கற என்பிஎம் பேக்கேஜ நடுவுல பிரிட்ஜா வெச்சிருக்கேன், அதுவும் எஸ்டிடிஐஓதான், ஆனா கனம் இல்லாத காப்பி. விண்டோஸ்ல இத நான் சும்மா ஓட்டிப் பாத்ததோட சரி, அங்க சர்வீஸா வெச்சு பழகினவங்க பேச்ச கேளுங்க.

சாட்ஜிபிடி வெப் கதை வேற, அது அவங்க சர்வர்லேர்ந்து கூப்பிடும், உங்க லோக்கல்ஹோஸ்ட் அதுக்கு எட்டாது. டனல் போட்டு (லோக்கல் போர்ட்ட இன்டர்நெட்டுக்கு திறந்து விடுறது) வெளிய காட்டினா வேலை நடக்கும், ஆனா அடுத்தவங்க பில்லு இருக்குற சர்வர ஓஆத் (லாகின் பண்ணி அனுமதி குடுக்குற முறை) இல்லாம நான் வெளிய காட்ட மாட்டேன், அதனால அத இன்னும் கனெக்ட் பண்ணவே இல்ல.